ஒரு லிட்டர், ஒரு கிலோ

நான் படித்து முடித்த ஒரு நாவலை மாஸ்டரிடம் ஒருமுறை கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தராசில் வைத்தார்.

"முந்நூத்தி நாப்பது கிராமுங்க" என்றார். "என்ன எழுதியிருக்குது?"

ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகத் தன் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிற கதை என்று சொன்னேன்.

"கடைசீல எழந்துட்டாங்களா, இல்லீங்களா?"

"எழந்துட்டாங்க."

"அப்ப எரநூத்தம்பதுல முடிச்சிருக்கலாமுங்க."

அந்த நாவலுக்கு வந்த மதிப்புரைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். இதைவிடச் சரியான ஒன்றை இன்றுவரை படிக்கவில்லை.

திருப்பூரில் ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் அவர் மாஸ்டராக இருந்தார். சாயப்பட்டறையிலிருந்து வரும் பனியன் துணியை நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே ஓடவிட்டு, பின்னால் சுருங்கித் தொலைக்காதபடி முன்கூட்டியே சுருக்கி அனுப்புகிற இடம் அது. மனிதர்களுக்கு இந்த வேலையைப் பள்ளிக்கூடங்கள் செய்கின்றன. துணி சரியான கனத்தில் வருகிறதா என்று பார்ப்பது மாஸ்டரின் பொறுப்பு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டித் தராசில் வைப்பார். வட்டம் ஒன்று புள்ளி எட்டு கிராம் இருந்தால் துணி சதுர மீட்டருக்கு நூற்றெண்பது கிராம். கனம் கூடினால் துணிக்குச் சொந்தக்காரர் கத்துவார். குறைந்தால் கடல் கடந்து ஒருவர் கத்துவார். இந்த இரண்டு கத்தல்களுக்கும் நடுவே இருபத்தைந்து வருஷம் நின்றவர்.

நான் அங்கே முதன்முதலில் போனதே கத்துவதற்குத்தான். ஆறு தையல் மெஷினை வைத்துக்கொண்டு கம்பெனி என்று போர்டு மாட்டியிருக்கிற ஆள் நான். என் துணியில் கனம் குறைந்துவிட்டது என்று சத்தம் போட்டேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் வட்டம் வெட்டினார், நிறுத்தார்.

"நூத்தி எழுவத்தொம்போதுங்க. ஒண்ணுதான் கொறைச்சல். பாத்துக்குங்க." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொதலாளி ஒரு தொண்ணூத்தாறு இருப்பீங்களா?"

வீட்டுக்கு வந்து எடைமெஷினில் ஏறிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு புள்ளி நான்கு. அந்தப் புள்ளி நான்கு, வழியில் குடித்த கரும்புச்சாறு.

அவர் இறந்துபோய் இரண்டு கோடை ஆகிறது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் வீட்டில் நான் இன்னும் காபி குடிக்கிறேன். நான் எழுதுவதை அனேகமாக யாரும் படிப்பதில்லை என்பது மற்ற நாட்களில் எனக்கு வருத்தம். இந்த ஒரு கட்டுரையைப் பொறுத்தவரை நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் டிராக் ரேஸ் ஓட்டினார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நேரான சாலையில் நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கால் மைலை, அதாவது நானூற்றிரண்டு மீட்டரை, எத்தனை விநாடியில் கடக்கிறீர்கள் என்பதுதான் பந்தயம். வளைவு கிடையாது, மேடு கிடையாது, கதையும் கிடையாது. தொடங்கியதும் முடிந்துவிடும். தலை நரைத்த மனிதர் ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு இதைச் செய்வது ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"மொதலாளி, என்ற மெஷின்ல துணி நிமிசத்துக்கு இருவது மீட்டர் போகுதுங்க. நாள் முச்சூடும் அதையே பாத்துக்கிட்டு நிக்கறேன். வாரத்துக்கு ஒருக்காவாச்சும் எதையாச்சும் வெரசாப் பாக்கோணுமுல்லீங்க?"

என் கம்பெனியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அவர் துணி ரயில்.

பல்லடத்திலிருந்து குண்டடம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு லேஅவுட் இருந்தது. வாசலில் சிமெண்ட் வளைவு, உள்ளே மஞ்சள் பூசிய எல்லைக்கற்கள், நடுவே அகலமான தார்ச்சாலை. எல்லாம் போட்டுவிட்டார்கள், வீடு மட்டும் யாரும் கட்டவில்லை. காவலுக்கு இருந்த பெரியவர் பகல் பன்னிரண்டுக்குச் சாப்பிடப் போனால் மூன்றுக்குத்தான் திரும்புவார். எங்கள் கொடிக்காரர் ஸ்டீபன், மில் எலக்ட்ரீஷியன், ஞாயிறு காலை சர்ச் பூசை முடித்துவிட்டுத்தான் வருவார். ஆக, மாடோ நாயோ மனிதரோ எட்டிப் பார்க்காத ஒரே நேரமான உச்சிவெயில்தான் எங்கள் பந்தய நேரம். இந்த ஏற்பாட்டில் அறிவுள்ளவர்கள் யாரும் பங்கெடுக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

சித்திரையில் அந்த இடம் எப்படி இருக்கும் என்றால், தூரத்தில் தெரியும் காற்றாலைகள்கூட நின்றுவிடும். இலை அசையாது. தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். "கொஞ்சம் எளகுனா டயருக்கு நல்லதுங்க, நெம்ப எளகுனா வழுக்கீரும்" என்று மாஸ்டர் சாலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மற்றவர்கள் கை வைத்தால் தோல் வந்துவிடும். ஓட்ட வருகிற நாலைந்து பேரும் கட்டிங் வேஸ்ட் துணியைத் தண்ணீரில் முக்கிக் கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள்; சட்டைப்பையில் சின்ன வெங்காயம் வைத்துக்கொள்வார்கள். ஸ்டீபன் தன் வண்டியில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் கொண்டுவருவார். மாஸ்டர் மட்டும் கழுத்துத் துணி கட்டமாட்டார்.

"நனைஞ்சா முந்நூறு கிராமுங்க. தேவையில்லாத எடை."

இதுதான் அவர் வாயில் சதா இருக்கும் சொல். தேவையில்லாத எடை. வண்டியிலிருந்து ஹாரனைக் கழற்றினார், மட்கார்டைக் கழற்றினார், சைடு ஸ்டாண்டைக் கழற்றினார். நிறுத்திவைக்க வழியில்லாமல் வண்டியை எல்லைக்கல்லில் சாய்த்து வைப்பார். பெட்ரோல் டாங்கின் பெயிண்டைச் சுரண்டி எடுத்தார். பிரேக் லீவரில் வரிசையாக ஓட்டை போட்டார். எடுத்த ஒவ்வொரு துளியையும் யூனிட் தராசில் நிறுத்துப் பார்த்துச் சந்தோஷப்படுவார். சனிக்கிழமை முடி வெட்டிக்கொள்வார், நகம் வெட்டிக்கொள்வார்.

"மாஸ்டர், அப்பிடியே மூக்கையும் கழட்டி வெச்சுட்டு வாங்க. ஒரு அம்பது கிராம் கொறையுமுல்ல?" என்பார் ஸ்டீபன்.

"அது காத்த உள்ள இழுக்குதுங்க. தேவை" என்பார் மாஸ்டர், சிரிக்காமல்.

ஆனால் ஹெல்மெட் மட்டும் கடையிலேயே கனமானது. "தலைக்கு மட்டும் தராசு வெக்கக்கூடாதுங்க" என்பார். விழுந்து சாகிற பயம் அவருக்கு நன்றாக இருந்தது. சாவு விழுந்துதான் வரும் என்று நினைத்திருந்தார்.

அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டது ஒரே ஒருமுறைதான். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரணாக்கொடியையும் அவர் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயத்துக்குப் போனபோது.

"ஏனுங்ணா, உசுரோட இருக்கற மனுசன் யாராச்சும் அதக் கழட்டுவாங்களா? நீங்களாச்சும் எடுத்துச் சொல்லப்படாதா? படிச்சவிய நீங்க."

சொல்லிப் பார்த்தேன். "இருவத்திரெண்டு கிராமுங்க மொதலாளி" என்றார்.

என் வேலை நேரம் பார்ப்பது. முடிவுக் கல்லருகே குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். பந்தயச் சாலையில் குடையோடு நின்ற ஒரே அதிகாரி உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், தோளுக்கும் காதுக்கும் இடையே செல்போன். செல்போன் எதற்கென்றால், நானூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் ஸ்டீபன் சிவப்புத் துணியை இறக்குவது எனக்குத் தெரியாது. வெயில் முற்றினால் சாலை நடுவில் தண்ணீர் கட்டி நிற்பதுபோல் கானல் அலையடிக்கும். அந்தப் பக்கம் இருக்கிற ஆள், வண்டி, எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். ஸ்டீபன் போனில் "போ!" என்பார். நான் அமுக்குவேன். வண்டி என் கல்லைத் தாண்டும்போது மறுபடி அமுக்குவேன்.

ஒரு விஷயம் எப்போதும் எனக்கு உறுத்தும். தினமும் காலையில் யூனிட்டைத் திறந்ததும் சோதனைக் கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்துவிட்டுத்தான் மாஸ்டர் டீயே குடிப்பார். ஆனால் போல்ட்டில் அரை கிராம் குறைத்ததன் பலனை அளக்க அவர் நம்பியிருந்தது, வியர்வையில் வழுக்கும் என் கட்டைவிரலை. அதை ஒருநாளும் அவர் சரிபார்க்கவில்லை. யாரோ கேட்டதற்கு, "மொதலாளி கையில இருக்குதுங்க. செரியாத்தான் இருக்கும்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

அவர் போவதற்கு ஐந்து கோடைக்கு முன்னால், கத்திரிவெயில் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு. ஸ்டீபனின் வண்டி லேஅவுட் வளைவில் வேகத்தடையில் குதித்தது. தண்ணீர் கேன் விழுந்து உடைந்தது. இருபது லிட்டரையும் மண் ஒரே மடக்கில் குடித்தது. எல்லோரும் திரும்பிவிடலாம் என்றார்கள். மற்றவர்கள் திரும்பியும் விட்டார்கள்.

"வந்தது வந்தாச்சுங்க. பதினாறு செகண்டுக்குக் கீழ ஒருக்கா வந்துட்டா நானும் கெளம்பீர்றேன்" என்றார் மாஸ்டர்.

முதல் ஓட்டம் பதினாறு புள்ளி இரண்டு. இரண்டாவது பதினாறு புள்ளி மூன்று. அதற்குள் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. குடைக்கம்பி சுட்டது. நாக்கு, வாயில் யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. மூன்றாவது ஓட்டத்தில் வண்டி கானலிலிருந்து வெளியே வந்து, எனக்கு ஒரு மனை தள்ளியிருந்த முந்தைய மஞ்சள் கல்லைத் தொட்டபோதே அமுக்கிவிட்டேன்.

பதினைந்து புள்ளி எட்டு.

நாற்பது அடி நிலத்தை அவருக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு நான் நிழலுக்கு ஓட நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம். ஆனால் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, ஸ்டாப்வாட்சைப் பார்த்து, சந்தோஷப்படுவதற்குப் பதிலாக யோசிக்க ஆரம்பித்தார். துணியில் கனம் மாறினால் காரணம் கண்டுபிடிக்காமல் விடாத ஆள் அல்லவா.

"வெயில் ஏற ஏறக் காத்து இளைச்சுப் போகுமுங்க. இஞ்சினுக்கு மூச்சு வாங்கும். நேரம் கூடியிருக்கோணும், கொறைஞ்சிருக்குது. அதே பெட்ரோலு, அதே டயரு. இன்னிக்கி என்னதான் மாறுச்சு?"

என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "தண்ணிங்க! காலைல காப்பிக்கப்பறம் ஒரு சொட்டு குடிக்கல. எப்பவும் இந்நேரத்துக்கு ரெண்டு லிட்டர் குடிச்சிருப்பேன். ஒரு லிட்டர், ஒரு கிலோ. ரெண்டு கிலோவுங்க மொதலாளி! வருசக்கணக்கா அரைகிராம் அரைகிராமாச் செதுக்கிப்போட்டு, ரெண்டு கிலோவ வகுத்துல கட்டிக்கிட்டு ஓட்டியிருக்கறேன் பாருங்க!"

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு வெயில் தாங்கவில்லை, அதனால் முன்கூட்டியே அமுக்கிவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பதினாறு விநாடிக்குக் கீழேதான். சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை என்பது ஒரு காரணம். நிழலுக்குப் போனபின் சொல்லிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று.

அடுத்த வாரம் அவர் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்தார். இப்போது நான் சரியாக அமுக்கினால் போன வாரத்துப் பொய் வெளியே வந்துவிடும். ஒருமுறை பொய் சொன்ன விரலுக்கு அடுத்த வாரம் வேறு வழியில்லை. பதினைந்து புள்ளி ஏழு. "பாத்தீங்ளா!" என்றார். பார்த்தேன்.

மனச்சாட்சி என்று ஒன்று எனக்கும் உண்டு; கொஞ்சம் தாமதமாக வேலைக்கு வரும். ஒரு மாதம் கழித்து, அவர் சொட்டுத் தண்ணீர் குடிக்காத ஒரு ஞாயிறன்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரியான கல்லில் சரியாக அமுக்கினேன். பதினாறு புள்ளி ஒன்று. இத்தோடு இந்தக் கொள்கை ஒழிந்தது என்று நிம்மதியாக ஸ்டாப்வாட்சை நீட்டினேன். அவர் எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். பிறகு தொடையில் தட்டினார்.

"நேத்துப் பொழுதோட ரசம் ஊத்திச் சாப்புட்டனுங்க. ரெண்டு கரண்டி. அதேன்."

அன்றோடு சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் ரசம் நின்றது. அதற்கடுத்த தடவை மோர் நின்றது. பிறகு தர்பூசணி. ஒரு மனிதர் ஒரு கொள்கையை நம்ப ஆரம்பித்துவிட்டால் அதற்கு எதிரான சாட்சி என்று உலகத்தில் எதுவும் கிடையாது. எல்லாம் ரசத்தில் கரைந்துவிடும். நான் உண்மையை அமுக்கினால் அவர் இன்னொன்றைக் குடிப்பதை நிறுத்தினார். அதனால் பொய்யையே அமுக்குவது அவர் உடம்புக்கு நல்லது என்று முடிவு செய்தேன். இந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். அப்போது இது நியாயமாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது கோடையில், கிழமை பார்க்காமல் தண்ணீர் குறைந்தது. யூனிட்டில் மெஷின் பக்கம் போனால் நீராவி முகத்தில் அறையும். வடக்கேயிருந்து வந்த ஆட்கள் உப்புப் போட்ட தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். மாஸ்டர் குடத்துப் பக்கமே போகமாட்டார். அந்த ஆட்கள் தங்களுக்குள் அவரை ஒட்டகம் என்று சொல்லிக்கொண்டது அவருக்கும் தெரியும்; அதில் அவருக்குப் பெருமை.

"கஷ்டமா இல்லீங்களா மாஸ்டர்?"

"பழகிப்போச்சுங்க. குடிச்சாத்தான் வேர்க்குது. குடிக்காட்டி வேர்க்கறதே இல்ல பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். அந்தக் கொதிப்பில் என் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு தேறும். அவர் கை காய்ந்து, மாவு படிந்ததுபோல் உப்புப் பூத்திருந்தது. காலில் குரக்களி பிடித்து, தசை இழுத்து, நொண்டினார். கண்ணுக்குக் கீழே வீங்கியது. தூக்கம் பத்தவில்லை என்றார். நான் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

நான்காவது கோடை தொடங்கும்போது, ஒரு புதன்கிழமை மத்தியானம் என் கம்பெனிக்கு வந்தார். கையில் ஒரு ஆஸ்பத்திரி ஃபைல்.

"இது நாப்பது கிராமுங்க" என்று என் மேசையில் வைத்தார். "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க. நீங்கதான் படிக்கற ஆளு."

படித்தேன். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குகூட வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தது. இதை நாற்பது கிராமுக்குள் சொல்லிவிட்டார்கள்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"நெம்பத் திட்டுனாருங்க. வெக்கையில நின்னு, தண்ணி குடிக்காமக் கெடுத்துக்கிட்டியாமா. இருக்கறதயாச்சும் காப்பாத்திக்கோணும்னா நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கோணுமாமா. மூணு கிலோவுங்க!" சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "ஊட்டுல சொல்லிப்போடாதீங்க."

"இன்னையிலிருந்து குடிங்க மாஸ்டர். ரேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பதினஞ்சுக்குக் கீழ ஒரே ஒருக்கா வந்துட்டாப் போதுமுங்க. இப்பப் பதினஞ்சு புள்ளி மூணுல நிக்கறம். வந்துட்டா வண்டியத் தொட மாட்டேன். குடத்தோட தூக்கிக் குடிக்கறேன். உங்க மேல சத்தியமா."

என் மேல் சத்தியம் செய்ய அவருக்கு ஒரு நல்ல பொருள் கிடைக்கவில்லை.

அந்தப் பதினைந்து புள்ளி மூன்றில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு என்னுடையது என்பது எனக்கே தெரியாது. அன்று சொல்லியிருக்க வேண்டும். ஃபைல் மேசைமேல் இருந்தது, அவர் எதிரில் இருந்தார், என்னிடம் நாக்கும் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால், இத்தனை கோடையும் அவர் தாங்கிய தாகம் மொத்தமும் ஒரு குண்டு மனிதனின் சோம்பலால் வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட எளிய வழி ஒன்று எனக்குத் தோன்றியது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே அவருக்குப் பதினான்கு புள்ளி ஒன்பதைக் கொடுத்துவிடுவது. ஓட்டம் நின்றுவிடும், தண்ணீர் தொடங்கிவிடும், என் குட்டும் உடையாது. எல்லோருக்கும் நல்லது. எனக்குத் தோன்றுகிற யோசனைகள் எல்லாமே எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருக்கும்.

அந்த ஞாயிறு காற்றே இல்லை. ஸ்டீபன் கேனோடு வந்திருந்தார். மாஸ்டர் எதையும் தொடவில்லை. ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார், கனமான ஹெல்மெட்டை மாட்டினார். நான் நடந்துபோய் என் கல்லருகே நின்றேன். முந்தைய கல்லையும், அதற்கும் முந்தைய கல்லையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

போனில் ஸ்டீபன், "அண்ணா, மாஸ்டரு வண்டியக் கெளப்பச் சித்தெ தடுமாறுனாருங்க. என்னமோ செரியில்ல. நிறுத்தீரலாமுங்களா?" என்றார்.

"கடைசி ஓட்டம், விடுங்க" என்றேன்.

"போ!" என்றார் ஸ்டீபன்.

கானல் அன்று சாலை முழுவதையும் ஏரியாக்கி வைத்திருந்தது. அவர் அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தார். வண்டி நெளிந்தது, அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. வெயிலில் எல்லாமே அப்படித்தான் நெளியும். வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். கானல்தான் ஆடுகிறது என்று நினைத்தேன். முந்தைய கல்லுக்கும் முந்தைய கல்லில் அமுக்கினேன்.

என்னைத் தாண்டிப் போன வண்டி பிரேக் பிடிக்கவில்லை. சத்தம் தேய்ந்துகொண்டே போய், சாலை முடிந்த இடத்தில் செம்மண்ணில் இறங்கி, முள்வேலிக்கு முன்னால் மெதுவாகப் படுத்துக்கொண்டது. அவரும் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கீறல்கூட இல்லை. தொண்ணூற்றாறு கிலோவையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் நெற்றி காம்பாக்டிங் உருளை மாதிரி சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை.

ஸ்டீபன் வந்து கேனைக் கவிழ்த்துத் தலையில் ஊற்றினார். வெகுநேரம் கழித்துக் கண் திறந்தது.

"எவ்வளவுங்க?"

"மாஸ்டர், பேசாதீங்க."

"எவ்வளவுங்க மொதலாளி?"

ஸ்டாப்வாட்சைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பதினான்கு புள்ளி தொண்ணூற்றொன்று. அது தன்மட்டில் பொய் சொல்லவில்லை. அமுக்கிய இடத்தில் நின்றிருந்தது.

"இனிக் குடிக்கலாமுங்க" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர். ஸ்டீபன் வாயில் ஊற்றினார். இரண்டு மடக்கு இறங்கியது, அப்படியே வெளியே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உயிர் தங்கியது. மிச்சமிருந்த சிறுநீரகம் தங்கவில்லை. அதற்குப்பின் இரண்டு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த வைத்தியத்தின் சட்டத்தை அவருக்கென்றே யாரோ எழுதியதுபோல் இருந்தது. போனதும் எடை பார்ப்பார்கள். சிறுநீர் பிரியாததால் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பில் எடையாக நிற்கும். அதை மெஷின் எடுக்கும். மறுபடி எடை பார்ப்பார்கள். ஆகவே நாளைக்கு அரை லிட்டருக்குமேல் குடிக்கக்கூடாது. திருப்பூரில், சித்திரையில், அரை லிட்டர்.

கடைசிக் கோடையில் ஒருநாள், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் வாக்கியங்களைச் செப்பனிட்டேன். டயாலிசிஸ் நடக்கிற ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் அளவுக்கோடு போட்ட ஒரு சின்ன பாட்டில். அன்றைக்கு மிச்சமிருந்த தண்ணீர் அதில் மூன்று விரல்கடை.

"வாங்ணா. நீங்க வந்தாத்தான் அவருக்கு மொகமே தெளியுது" என்றார். "வர்ற நர்சம்மாகிட்டயெல்லாம் அந்தப் பதினாலு தொண்ணூத்தொண்ணத்தான் சொல்லிக்கிட்டிருக்கறாரு. எனக்கு அந்தக் கெரகமெல்லாம் என்ன தெரியும்? இத்தன பாடுபட்டதுக்கு அது ஒண்ணாச்சும் கெடச்சுதேன்னு நானும் மனசத் தேத்திக்கறனுங்ணா."

செப்பனிட்ட வாக்கியங்கள் அங்கேயே நின்றுவிட்டன. நான் மட்டும் உள்ளே போனேன்.

அவரை எடைமெஷினில் ஏற்றியிருந்தார்கள். "ரெண்டு கிலோ ஏறியிருக்குதுங்களே சார், தண்ணி அதிகமாக் குடிச்சீங்களா?" என்று நர்ஸ் கேட்டார்.

"உங்க தராசு எரநூறு கிராம் தூக்கிக் காட்டுதுங்க சிஸ்டர். கல்லு வெச்சுச் செரிபாத்து எத்தன நாளாச்சு?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கட்டிலுக்கு வந்து படுத்தார். கையில் ஊசிகளைக் குத்தினார்கள், மெஷின் ஓட ஆரம்பித்தது.

"மொதலாளி."

"சொல்லுங்க மாஸ்டர்."

"அன்னிக்கிப் பதினாலு தொண்ணூத்தொண்ணு. நெசந்தானுங்களே?"

இத்தனை வருஷத்தில் என் விரலை அவர் சோதனை செய்தது அந்த ஒருமுறைதான். வட்டம் வெட்டிய துணியைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசந்தானுங்க" என்றேன்.

பிறகு தலையைத் தலையணையில் வைத்துக்கொண்டார்.

"இது எடுத்து முடிச்சா நான் அம்பத்தொண்ணுங்க" என்றார், மெஷினைக் கண்ணால் காட்டி. "இந்த எடையில அன்னிக்கி ஓட்டியிருந்தா பதினாலரைங்க."

"ஆமாங்க" என்றேன்.

வெளியே வந்தேன். உச்சிவெயில். ரோட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி, நிழலுக்குக்கூட ஒதுங்காமல், நின்ற இடத்திலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

ஒரு கிலோ.